முதுமைக்கு வேண்டும் பொருள்



முதுமையிற் பிறர் கையை நோக்காது வாழ்தலே மானமுள்ள வாழ்வாகும். நம்மவரிற் பலரோ ஓய்வுபெறும் நாளிற் கிடைக்குந் தொகையையே நம்பி வாளாவிருக்கின்றனர்; வந்த தொகையையும் மக்களின் விவாகத்தில் ஒருங்கே செலவிட்டு விடுகின்றனர்.

விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறுமாயின், 60 வயதில் மாதம் 20,000 ரூபாயில் நடந்த குடும்பத்திற்கு 72 வயதில் 40,000 ரூபாய் வேண்டும். ஆகலின் இளமையிலேயே தொடங்குதல் அவசியம். 8 விழுக்காட்டுக் கூட்டுவட்டி கிடைக்குமாயின் முதல் 9 ஆண்டுக்கொருமுறை இரட்டிக்கும். 24 வயதில் இட்ட 1 லட்சம் 60 வயதில் ஏறக்குறைய 16 லட்சமாகும். 42 வயதில் இட்டதோ 4 லட்சமே.

பொருள் முழுவதையும் ஓரிடத்தே குவித்தல் தகாது. வங்கி முறிந்தால் ஒருவர்க்குக் கிடைக்கும் காப்பீட்டுத் தொகைக்கும் வரம்புண்டு. அது 2020-ஆம் ஆண்டில் 1 லட்சத்தினின்று 5 லட்சமாக உயர்த்தப்பட்டது.

மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி தருவோம் என்பாரை அணுகவே வேண்டா. பின்வந்தார் முதலையே முன்வந்தார்க்கு வட்டியாக அளித்துப் பின்னர் மறைவதே அன்னார் வழக்கம். நம் சமூகத்தார் என்னும் உறவுரிமை காட்டி வரினும் இணங்கலாகாது.

இளைஞர்காள்! முதற் சம்பளத்திலேயே தொடங்குங்கள். பெரியோர்களே! சேமிப்புக் கணக்கனைத்தும் உங்கள் மனைவியரும் அறியச் செய்யுங்கள். இதுவே என் வேண்டுகோள்.