முகப்பருவும் பொறுமையும்



பருவ வயதில் முகப்பரு தோன்றுவது அழுக்கினால் அன்று. தோலில் எண்ணெய் மிகுதியாகச் சுரந்து நுண்துளைகள் அடைபடுவதாலேயே ஆகும். எங்கள் மகள் பருவுக்கு அஞ்சிக் கண்ணாடி பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். ஆதலால், மருத்துவர் சீட்டின்றிக் கிடைக்கும் மருந்துத் தொகுப்பொன்றை ஈப்போ மருந்தகத்தில் வாங்கினோம். முகம் கழுவும் திரவம், 2.5 விழுக்காடு பென்சாயில் பெராக்சைடு களிம்பு, வறட்சி நீக்கும் களிம்பு ஆகிய மூன்றும் அதில் இருந்தன.

முதல் வாரத்தில் தோல் வறண்டு உரிந்தது. தலையணை உறையும் சாயம் வெளுத்தது. மருந்தை எறிந்துவிட எண்ணினோம். மருந்தாளரோ, ஒருநாள் விட்டு ஒருநாள் மெல்லியதாகப் பூசுமாறு கூறினார். அவ்வாறே செய்தோம், எட்டு வாரங்களில் பருக்கள் வெகுவாகக் குறைந்தன.

'ஏழே நாளில் குணம்' என்னும் விளம்பரத்தை நம்பாதீர்! பதிவெண் இல்லாத முகக் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கண்டறியப்பட்டுள்ளது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருந்தின் உறையில் 'எம்.ஏ.எல்.' எனத் தொடங்கும் பதிவெண் உள்ளதா எனப் பாருங்கள். பருவைக் கிள்ளாதீர்கள், வடு நிலைத்துவிடும். வலியுடன் பெருங்கட்டிகள் தோன்றினால் கிளினிக்கிற்குச் செல்லுங்கள்.

நம் பிள்ளைகளின் முகம் மலர, மருந்தோடு பொறுமையும் வேண்டும்.