பார்த்தும் பார்க்காத படங்கள்: ஹாருன் ஃபரோக்கியின் கலை



வரலாற்று ஆவணப்படம் என்றதும் பழைய காட்சிகளும் பின்னணியில் ஒரு கனத்த குரலும்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஜெர்மானிய இயக்குநர் ஹாருன் ஃபரோக்கி (1944–2014) அந்த வழிக்கே போகவில்லை. ஒரு படத்தை எடுத்தவர் யார், எதற்காக எடுத்தார், பார்த்தவர் எதைக் கோட்டைவிட்டார் என்று குடைந்துகொண்டே இருந்தவர் அவர்.

தந்தை இந்தியாவிலிருந்து ஜெர்மனிக்குப் போன மருத்துவர். பிள்ளைப் பருவத்தில் சில ஆண்டுகள் இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் கழிந்தன. 1966இல் மேற்கு பெர்லினில் திரைப்படக் கல்லூரி தொடங்கியபோது முதல் அணி மாணவர்களில் ஒருவராகச் சேர்ந்தார். மாணவர் போராட்டத்தால் படிப்பு பாதியில் போயிற்று. சினிமாவுக்கு அதனால் நட்டமில்லை.

1969இல் வியட்நாம் போரைப் பற்றி 'அணைக்க முடியாத நெருப்பு' எடுத்தார். மேசை முன் அமர்ந்து, நேபாம் குண்டில் வெந்த ஒருவரின் வாக்குமூலத்தை வாசிக்கிறார். வெந்த உடலைக் காட்டினால் நீங்கள் கண்ணை மூடிக்கொள்வீர்கள் என்கிறார். பிறகு எரியும் சிகரெட்டைத் தன் கையிலேயே வைத்து அழுத்துகிறார். சிகரெட் 400 டிகிரியில் எரிகிறது, நேபாம் 3000 டிகிரியில் எரிகிறது என்று குரல் சொல்கிறது. மீதியை நாமே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அவருடைய படங்களில் எனக்கு முதன்மையானது 1988இல் வந்த 'உலகின் படிமங்களும் போரின் பதிவும்'. அதன் மையத்தில் இருக்கும் சம்பவம் இது: 1944 ஏப்ரல் 4 அன்று நேச நாடுகளின் விமானம் ஒன்று ஆஷ்விட்ஸ் பகுதிக்கு மேல் பறந்து படம் எடுத்தது. விமானம் தேடிப் போனது தொழிற்சாலைகளை. அங்கிருந்த நாஜி வதைமுகாமும் படத்தில் விழுந்தது. இங்கிலாந்தில் படங்களை ஆராய்ந்தவர்கள் ஆலைகளைக் குறித்தார்கள், முகாமைக் குறிக்கவில்லை. தேடச் சொன்னதைத்தான் கண் தேடியது. அமெரிக்க உளவுத் துறையைச் சேர்ந்த இருவர் 1970களின் பிற்பகுதியில் அதே படங்களை எடுத்துப் பார்த்தபோதுதான், விஷவாயுக் கூடங்களும் வரிசையில் நின்ற மனிதர்களும் அடையாளம் காணப்பட்டன. தாமதம் முப்பது ஆண்டுகளுக்கும் மேல். ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது என்பதாலேயே ஒன்று தெரிந்துவிட்டதாக நினைக்கும் ஆய்வாளர்கள் நம்மிடமும் உண்டு. அவர்கள் ஃபரோக்கியின் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.

1995இல் 'இடைமுகம்' என்ற ஆக்கத்தோடு அவர் திரையரங்கிலிருந்து கலைக் காட்சிக்கூடத்துக்குள் வந்தார். இரண்டு திரைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். திரையரங்கில் ஒரு காட்சி போய்த்தான் அடுத்தது வரும். இங்கே ஒன்று இருக்கும்போதே மற்றொன்று அதைக் கேள்வி கேட்கும். 2006இல் 12 திரைகளை வரிசையாக வைத்து, சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் 1895இல் எடுத்த படத்தில் தொடங்கி, 11 பத்தாண்டுகளில் தொழிலாளர்கள் ஆலைவாசலை விட்டு வெளியேறும் காட்சிகளை ஓடவிட்டார். வாசலோடு நின்றுவிட்ட கேமரா உழைப்பை எவ்வளவு குறைவாகக் காட்டியிருக்கிறது என்பது அங்கே நின்று பார்ப்பவருக்கு விளங்கும்.

கடைசிக் காலத்து 'தீவிர விளையாட்டுகள்' அமெரிக்க ராணுவத்தைப் பற்றியது. போருக்குப் போகும் வீரர்களுக்குக் கணினி விளையாட்டு போன்ற மென்பொருளில் பயிற்சி. மனம் சிதைந்து திரும்புபவர்களுக்கும் ஏறக்குறைய அதே மென்பொருளில் சிகிச்சை. ஃபரோக்கி ஒரு வேறுபாட்டைக் கவனித்தார். பயிற்சிக்கானதில் பொருள்களுக்கு நிழல் விழுகிறது. சிகிச்சைக்கானதில் நிழல் இல்லை. அது மலிவான பதிப்பு.