தேயிலை ஆலையும் அரும்பொருளகமும்



இந்தப் பேச்சைக் கேட்கும் வேளையில் உங்களில் பலருடைய கையில் தேநீர்க் குவளை இருக்கக்கூடும். அருந்திக்கொண்டே கேளுங்கள். நாம் இன்று பேசப்போவதும் தேயிலையைப் பற்றித்தான். ஆனால் அதன் சுவையைப் பற்றியோ விலையைப் பற்றியோ அல்ல. பச்சைக் கொழுந்தைக் கறுப்புத் தூளாக மாற்றும் இயந்திரங்களைப் பற்றியும், அந்த இயந்திரங்களைப் பின்வரும் தலைமுறைக்குக் காத்துவைப்பது எவ்வாறு என்பதைப் பற்றியும் சற்றே சிந்திப்போம்.

அரும்பொருளகம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை யாவை? அரசர்களின் வாள், பழங்காசு, கற்சிலை, பட்டாடை. எண்ணெய்க் கறை படிந்த ஒரு தேயிலை உருட்டு இயந்திரம் அங்கே வைக்கத் தகுந்ததுதானா என்று சிலர் கேட்கலாம். தகுந்ததே என்பது நம் விடை. மனிதன் எவ்வாறு ஆண்டான் என்பதை வாள் சொல்லும். அவன் எவ்வாறு உழைத்தான், அந்த உழைப்பின் சுமையை எவ்வாறு குறைத்துக்கொண்டான் என்பதை இயந்திரம்தான் சொல்ல முடியும்.

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையை எடுத்துக்கொள்வோம். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இந்த மலைப்பகுதியை ஆராய்ந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது. அவருக்கு நெடுங்காலம் முன்பிருந்தே செமாய் பழங்குடி மக்கள் அங்கு வாழ்ந்து வந்தார்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது. 1925இல் சர் ஜார்ஜ் மெக்ஸ்வெல் அங்கு சென்று வந்த பிறகே அதனை ஒரு மலைவாசத்தலமாக்கும் வேலை முனைப்படைந்தது. தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரையிலான பாதை 1931இல் திறக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னதாக, 1929இல், ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் இலங்கையில் தேயிலைத் தொழிலில் பழுத்த அனுபவம் பெற்ற மில்னுடன் சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் தோன்றியது. காடு அழித்து, சரிவுகளில் குழியெடுத்து, கன்று நட்ட கைகளில் பெரும்பாலானவை தமிழகத்திலிருந்து வந்த கைகள்.

ஆக, செடியும் வெளியிலிருந்து வந்தது. தொழிலாளரும் வெளியிலிருந்து வந்தனர். இயந்திரம் எங்கிருந்து வந்தது?

இலங்கையில் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டபோது அவரிடம் ஆலை ஏதுமில்லை. பங்களாத் திண்ணையில் மேசை போட்டு, கொழுந்தைக் கையாலேயே உருட்டினார்கள். கரி நெருப்பு மூட்டிய மண் அடுப்பின்மேல் அதை உலர்த்தினார்கள். பிறகு 1870களில் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் ஜாக்சன் அசாமில் உருட்டு இயந்திரத்தை உருவாக்கினார். அவருடைய இயந்திரங்களை இங்கிலாந்தில் கெய்ன்ஸ்பரோ என்ற ஊரிலிருந்த மார்ஷல் நிறுவனம் செய்து கொடுத்தது. இன்னொரு பக்கம், அசாமை அடுத்த கச்சார் பகுதியில் தோட்டத் தொழில் பார்த்த சாமுவேல் டேவிட்சன், கரி அடுப்புக்குப் பதிலாகச் சூடேற்றிய காற்றைப் பாய்ச்சித் தேயிலையை உலர்த்தும் கருவியை அமைத்தார். 1881இல் அவர் பெல்பாஸ்ட் நகரில் நிறுவிய தொழிற்சாலையின் பெயர் சிராக்கோ. சிராக்கோ என்றால் பாலைவனத்திலிருந்து வீசும் வெப்பக்காற்று. பொருத்தமான பெயர்தானே!

இந்த உருட்டு இயந்திரத்தின் அமைப்பைக் கொஞ்சம் மனக்கண்ணில் பாருங்கள். கீழே வட்டமான ஒரு மேசை. அதன் பரப்பில் பித்தளைச் சட்டங்கள் பதித்திருக்கும். மேசையின்மேல் அடிப்பாகம் இல்லாத உருளைப் பெட்டி ஒன்று. அதற்குள் வாடிய கொழுந்தைக் கொட்டி, மேலே அழுத்தும் மூடியைப் பொருத்துவார்கள். பெட்டி வட்டமிட்டுச் சுழலச் சுழல, உள்ளிருக்கும் இலை மேசைக்கும் மூடிக்கும் இடையே நசுங்கி முறுக்கேறும். இப்போது உங்கள் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வட்டமாகத் தேய்த்துப் பாருங்கள். இயந்திரம் செய்வதும் அதைத்தான்! கை செய்த அசைவைக் கவனித்து அதையே இரும்பால் செய்துவிட்டார்கள். தொழில்நுட்ப வரலாற்றில் அடிக்கடி காணும் உண்மை இது. பல இயந்திரங்களுக்குள்ளே பெயர் தெரியாத ஒரு தொழிலாளியின் கை ஒளிந்திருக்கிறது.

இனி, ஆலைக்குள் நடக்கும் விஞ்ஞானத்தைப் பார்ப்போம். பறித்த கொழுந்தை முதலில் காற்றோட்டத்தில் வாட்டுகிறார்கள். ஈரம் குறைந்து இலை துவளும். அப்போதுதான் உருட்டும்போது நொறுங்காது. அடுத்தது உருட்டல். இலையின் நுண்ணறைகள் உடைந்து சாறு வெளிப்படும். பிறகு அதைக் குளிர்ந்த, ஈரப்பதமுள்ள அறையில் பரப்பி வைப்பார்கள். பச்சை இலை செம்புநிறம் கொள்ளும். பச்சை வாடை நீங்கி, நறுமணம் எழும். கடைசியாக வெப்பக்காற்றில் உலர்த்தி, சலித்துத் தரம் பிரிப்பார்கள். ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும்.

இவற்றுள் மூன்றாம் கட்டத்திற்குப் புளிக்க வைத்தல் என்ற பொருளில் ஒரு பெயர் இன்றும் வழங்கி வருகிறது. கள் புளிப்பது போலவும் மாவு புளிப்பது போலவும் ஏதோ நுண்ணுயிர்தான் இங்கும் வேலை செய்கிறது என்று ஒரு காலத்தில் கருதினார்கள். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் உண்மை வேறு என்று காட்டின. இலையிலேயே இருக்கும் என்சைம் என்னும் நொதிப்பொருள், உடைந்த அறைகளிலிருந்து வெளிப்பட்டு, காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் சாற்றைச் சேர்த்து நிறம் மாற்றுகிறது. வெட்டி வைத்த வாழைக்காய் கறுப்பது போன்ற செயல்தான் இது. விஞ்ஞானம் தன் தவற்றைத் திருத்திக்கொண்டது. பழைய பெயர் மட்டும் ஆலையில் தங்கிவிட்டது. ஆகவே, ஒரு சொல்லும் அரும்பொருளகத்தில் வைக்க வேண்டிய பொருளாகலாம்.

நிறம் மாறியது போதும் என்று முடிவு செய்வது யார்? வெப்பமானி உண்டு, கடிகாரம் உண்டு. ஆயினும் பழைய ஆலைகளில் அனுபவப்பட்ட ஒருவர் தூளைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்துத்தான் அடுப்புக்கு அனுப்பச் சொல்வார். முந்தினால் பச்சை வாடை தங்கிவிடும். பிந்தினால் சுவை சப்பென்று போய்விடும். அந்த மூக்கின் அறிவை எந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது?

இந்தக் கேள்வி நம் மனத்தில் எழக் காரணமான ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். மலைப்பகுதியில் ஓரிடத்தில், இடத்தின் பெயர் வேண்டாம், பழைய உருட்டு இயந்திரம் ஒன்றை வாசலில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். பளபளவென்று பச்சை வண்ணம் பூசி, பக்கத்தில் ஒரு பலகையும் நட்டிருந்தார்கள். தேயிலை உலர்த்தும் இயந்திரம் என்று பலகை சொல்லிற்று. எங்களுடன் வந்த முதியவர், ஆலையில் பல்லாண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இயந்திரத்தை ஒருமுறை சுற்றி வந்தார்.

"ஐயா, இது காய வைக்கிற மெஷினு இல்லீங்க. கொழுந்து உருட்டுற ரோலரு. மூடியத் தலைகீழா மாட்டியிருக்காங்க. மேசையில இருந்த பித்தளைச் சட்டமெல்லாம் எங்க போச்சு?"

சட்டங்கள் எங்கே போயிருக்கும் என்பதை நாமே ஊகிக்கலாம். பித்தளைக்குப் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை. பிறகு அவர் தம் உள்ளங்கையை இயந்திரத்தின் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"சத்தத்தக் கேட்டே சொல்லிருவோம், ஐயா. சரியா வாடின கொழுந்துன்னா ஒரு சத்தம். தண்ணி கோத்த கொழுந்துன்னா சத்தமே வேற."

அந்த ஓசை இயந்திரத்தில் இல்லை; அவர் செவியில் இருந்தது. அவர் சொல்லியிராவிட்டால், தவறான பெயரோடும் தலைகீழ் மூடியோடும் அந்த இரும்பைப் பள்ளிப் பிள்ளைகள் பார்த்துச் சென்றிருப்பார்கள். நாமும் அப்படியே பார்த்துத் திரும்பியிருப்போம்.

நேயர்களே, பொருளைக் காப்பது பாதி வேலைதான். அப்பொருளை அறிந்தவரின் சொல்லையும் சேர்த்துக் காத்தால்தான் வேலை முழுமை பெறும்.

தேயிலைக்கென்றே அமைந்த அரும்பொருளகங்கள் உலகில் உண்டு. இலங்கையில், கண்டிக்கு அருகே ஹந்தானையில், 1925இல் கட்டிய பழைய ஆலைக் கட்டடத்தையே புதுப்பித்து 2001இல் தேயிலை அரும்பொருளகமாக்கினார்கள். கேரளத்தின் மூணாற்றில் நல்லதண்ணி தோட்டத்தில் 2005இல் மற்றொன்று திறக்கப்பட்டது. அங்கே தோட்டத்திற்கு மின்சாரம் கொடுத்த பழைய நீர்ச்சக்கரம் இருக்கிறது. தமிழகத்தின் நாசரேத்தில் இருந்த தொழிற்பள்ளியில் 1913இல் செய்த சூரியக் கடிகாரமும் இருக்கிறது. நம் நாட்டிலும் அரும்பொருளக மரபு புதிதன்று. தைப்பிங்கில் பேராக் அரும்பொருளகம் 1883இல் தொடங்கியது. கோலாலம்பூரில் தேசிய அரும்பொருளகம் 1963இல் திறக்கப்பட்டது.

இத்தகைய இடங்களில் ஒரு பொருள் வந்து சேர்ந்ததும் அதற்கு ஓர் எண் கொடுத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். பெயர் என்ன, எதனால் ஆனது, யார் செய்தது, எந்த ஆண்டு, எப்படிக் கிடைத்தது என்று குறிப்பார்கள். இந்தப் பதிவு இல்லையென்றால் அரும்பொருளும் வெறும் பழம்பொருளாகிவிடும். ஆனால் பெரும்பாலும் அந்த ஏட்டில் செய்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். இயக்கிய மனிதரின் பெயர் இருப்பது அரிது. யார் இயக்கினார், எப்படிக் கற்றுக்கொண்டார், என்ன பெயரிட்டு அழைத்தார், அதனால் அவருக்கு என்ன காயம் நேர்ந்தது என்னும் நான்கு கேள்விகளையும் அப்பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். காயத்தைப் பற்றி ஏன் கேட்க வேண்டும்? பழைய ஆலைகளில் ஒரே எஞ்சினிலிருந்து மேலே நீண்ட தண்டு சுழலும். அதிலிருந்து ஒவ்வோர் இயந்திரத்திற்கும் வார்ப்பட்டை இறங்கும். அதில் சேலை முனையோ கையோ சிக்கினால் என்னாகும்? புகழ்ச்சி மட்டும் எழுதிய வரலாறு பாதி வரலாறுதான்.

இயந்திரங்களை விட்டுச் சிறு பொருள்களுக்கு வருவோம். நெற்றியில் கயிறு தாங்கிச் சுமந்த கொழுந்துக் கூடை. செடியின்மேல் வைத்து மட்டம் பார்த்துப் பறித்த மட்டக்கம்பு. கவ்வாத்துக் கத்தி. மழைக்குப் போர்த்திய கம்பளி. இடுப்பில் கட்டிய படங்கு. கை பறித்த இடத்தில் கத்தரி வந்தது. பிறகு, இரண்டு பேர் இருபுறமும் பிடித்து நடக்கும் பறிப்பு இயந்திரமும் வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு பொருள் மூலைக்குப் போனது. அத்துடன் ஒரு சொல்லும் போனது. மட்டக்கம்பு என்றால் என்னவென்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

இதை இன்று சொல்லக் காரணம் உண்டு. கேமரன் மலைத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் குறைந்துவிட்டன. பிள்ளைகள் படித்து நகரங்களுக்குச் சென்றார்கள், அது மகிழ்ச்சிக்குரியதே. இன்று கொழுந்து பறிப்போரில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய அனுபவமும் நாளை வரலாறாகும். அதையும் எழுத வேண்டும். ஆனால் பழைய இயந்திரங்களை இயக்கியவர்கள் முதுமையடைந்துவிட்டார்கள். இரும்பு இன்னும் நூறாண்டு இருக்கும். அவர்கள் இருக்கமாட்டார்கள்.

நம்மால் செய்யக்கூடியது என்ன? பெரிய கட்டடமும் பெரும் பணமும் வேண்டியதில்லை. வீட்டில் பழைய தோட்டச் சாமான் இருந்தால் வண்ணம் பூசாதீர்கள். தேய்மானமும் ஒரு செய்திதான், கை பட்ட இடம் அதில் தெரியும். அதைப் பயன்படுத்தியவர் இருந்தால், அவர் கையில் அதைக் கொடுத்து, பயன்படுத்திக் காட்டச் சொல்லிப் படம் எடுங்கள். அவர் பேச்சை அவருடைய தமிழிலேயே பதிவு செய்யுங்கள், திருத்தாதீர்கள். பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பொருளுடன் கட்டி வையுங்கள். பள்ளி ஆசிரியர்கள் இதை மாணவர்களுக்கு ஒரு விடுமுறைப் பணியாகக் கொடுக்கலாம். நன்கு சேர்ந்தபின் மாநில அரும்பொருளகத்தையோ தேசிய ஆவணக் காப்பகத்தையோ அணுகலாம்.

அந்த முதியவரை நாங்கள் மறுமுறை சந்தித்தபோது ஒலிப்பதிவுக் கருவியுடன் சென்றோம். உருட்டு இயந்திரத்தின் இரண்டு ஓசைகளையும் வாயாலேயே ஒலித்துக் காட்டினார். எங்களுக்கு முதலில் வேறுபாடு புரியவில்லை. மூன்றாம் முறை கேட்டபோது புரிந்தது.

உங்கள் குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருக்கலாம். இந்த வாரமே அவரிடம் சென்று கேளுங்கள்.