ஒரு நாடகம், மூன்று பார்வை



கல்லூரி ஆண்டு விழாவில் நாடகம் நடத்துவது நாம் அறிந்த வழக்கம். பத்து நாள் ஒத்திகை. ஓர் இரவு ஆரவாரம். மறுநாள் வேடம் கலைவது போலவே நினைவும் கலைந்து விடும். அந்த ஓரிரவுப் பொழுதுபோக்கையே உயர்ந்த கல்வியாக ஆக்கலாம் என்று காட்டியவர் ஒருவர் உண்டு. அவர் அமெரிக்க நாட்டு நாடகப் பேராசிரியை ஹாலி ஃபிளானகன்.

அயோவா மாநிலத்தில் கிரின்னல் என்னும் சிற்றூரில் வளர்ந்து, அவ்வூர்க் கல்லூரியிலேயே பட்டம் பெற்றவர் அவர். இளமையிலேயே பெருந்துயர் அவரைத் தொடர்ந்தது. 1919-இல் கணவரைக் காசநோய் கொண்டு சென்றது. 1922-இல் மூத்த மகனும் நோயால் மறைந்தான். எஞ்சிய இளைய மகனைக் காக்கும் பொறுப்போடு அவர் ஆசிரியப் பணியில் நிலைத்தார். ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர் நடத்திய நாடகப் பயிற்சி வகுப்பிற்குச் சென்று பயின்றார். 1925-இல் நியூயார்க் மாநிலத்திலுள்ள வாசர் பெண்கள் கல்லூரியில் ஆசிரியரானார். அடுத்த ஆண்டு உதவித் தொகை பெற்று ஐரோப்பா சென்று, மாஸ்கோ வரையில் நாடக அரங்குகளைக் கண்டு திரும்பினார்.

கண்டதை அவர் எவ்வாறு கற்பித்தார் என்பதற்கு ஒரு சான்று கூறுகிறேன். செகாவ் எழுதிய சிறு நகைச்சுவை நாடகம் ஒன்று உண்டு. பெண் கேட்க வந்தவன், வந்த காரியத்தை மறந்து, ஒரு புல்வெளி யாருக்குச் சொந்தம் என்று அப்பெண்ணோடு சண்டையிடுவது அதன் கதை. 1927-இல் வாசர் மேடையில் ஃபிளானகன் இந்நாடகத்தை ஒரே மாலையில் மூன்று முறை நடத்தினார். முதன்முறை நடைமுறை வாழ்வில் உள்ளவாறு. இரண்டாம் முறை உள்ளத்து உணர்ச்சியைப் பெரிதாக்கிக் காட்டும் முறையில். மூன்றாம் முறை ருஷ்ய நாட்டுப் புதிய பாணியில், உடலின் அசைவையே முதன்மையாகக் கொண்டு. கதை ஒன்று, பார்வை மூன்று. இன்னும் எவ்வாறு பார்க்கலாம் என்று கேட்கப் பழகுவதே அவர் தந்த பாடம்.

அப்பாடம் மேடையோடு நிற்கவில்லை. 1931-இல், வறட்சியால் உணவின்றித் தவித்த ஆர்க்கன்சாஸ் மாநில உழவரின் துயரை, தம் முன்னாள் மாணவி ஒருவருடன் சேர்ந்து நாடகமாக எழுதி, கல்லூரியிலேயே அரங்கேற்றினார்.

1935-இல் அவர் வாழ்வு திசை மாறியது. பொருளாதார வீழ்ச்சியால் நடிகர்களும் இசைவாணரும் மேடைத் தொழிலாளரும் வேலையிழந்திருந்த காலம் அது. அவர்களுக்குப் பணி அளிக்க அமெரிக்க அரசு தேசிய நாடகத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நிவாரணப் பணிகளின் தலைவர் ஹாரி ஹாப்கின்ஸ், கிரின்னல் கல்லூரியில் படித்தவர். அவர் இத்திட்டத்தை நடத்த ஃபிளானகனை அழைத்தார். கல்லூரி ஆசிரியை ஒருவரின் பொறுப்பில் பன்னிரண்டாயிரம் பேர் வரை பணி செய்தனர். 1936 அக்டோபர் 27 அன்று, சர்வாதிகாரத்தை எச்சரிக்கும் சின்க்ளேர் லூயிஸின் நாடகம் ஒரே இரவில் 21 அரங்குகளில் நடைபெற்றது. அதுவரை நாடகத்தையே கண்டிராத ஏழை மக்கள் பலர் அவ்வரங்குகளில் அமர்ந்தனர்.

எதிர்ப்பும் எழுந்தது. வரிப்பணத்தில் அரசியல் பிரசாரம் செய்யலாமா என்று சிலர் கேட்டனர். அது கேட்கத்தக்க கேள்வியே. ஆனால் கேட்ட முறை வேறாயிருந்தது. 1938 டிசம்பரில் சட்ட மன்றக் குழு ஒன்று அவரை விசாரித்தது. அவர் எழுதிய கட்டுரை ஒன்றில் மார்லோவின் பெயரைக் கண்ட உறுப்பினர் ஒருவர், அந்த மார்லோ ஒரு கம்யூனிஸ்டா என்று வினவினார். மார்லோ ஷேக்ஸ்பியரின் காலத்தவர், 1593-இலேயே மறைந்தவர்! மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. ஃபிளானகன் சிரிக்கவில்லை. ஷேக்ஸ்பியருக்குச் சற்று முன் விளங்கிய தலைசிறந்த நாடகாசிரியர் மார்லோ என்று பதிவு செய்துகொள்ளுமாறு அமைதியாகக் கூறினார். முன்கூட்டியே முடிவு செய்துவிட்டவர்களால் ஆயிரக் கணக்கானோர் வேலையிழக்க நேருமே என்பதே அப்போது அவர் உள்ளத்தில் இருந்த கவலை. 

அக்கவலை மெய்யாயிற்று. 1939 ஜூன் 30 அன்று திட்டம் மூடப்பட்டது. அவர் மனம் உடைந்து ஒதுங்கவில்லை, வாசருக்குத் திரும்பினார், 1940-இல் அந்த நான்காண்டு வரலாற்றை நூலாக எழுதினார், 1942-இல் ஸ்மித் கல்லூரிக்குச் சென்று, தொடர்ந்து கற்பித்தார். 1969-இல் காலமானார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், மறந்துபோன அத்திட்டத்தின் நாடகப் பிரதிகளும் படங்களும் பால்டிமோர் நகரருகே ஒரு பழைய விமானக் கொட்டகையில் கிடைத்தன. தேடிக் கண்டவர்கள் அரசாங்கத்தார் அல்லர்; பல்கலைக் கழக ஆசிரியர்கள்.

நண்பர்களே, அடுத்த விழாவிற்கு நாடகம் ஒன்றை எடுக்கும்போது, வசனத்தை மனப்பாடம் செய்ததோடு நின்று விடாதீர்கள். ஒரு காட்சியை இரண்டு விதமாக நடித்துப் பாருங்கள். எது சரி என்று உங்களுக்குள் வாதிடுங்கள். அந்த வாதம் தொடங்கும் இடத்தில்தான் ஃபிளானகனின் வகுப்பும் தொடங்கியது.