பள்ளியறையும் பாராளுமன்றமும்

(பேச்சாளர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



மேடைப் பேச்சைத் தொண்டாக ஏற்றுக்கொள்ள முன்வந்திருக்கும் இளைஞர்கள் இங்கே திரண்டிருக்கிறீர்கள். எதை எப்படிச் சொல்வது என்பதை எனக்கு முன் பேசியவர்கள் விளக்கியிருப்பார்கள். எதைச் சொல்லாமல் விடுவது என்பது பற்றிச் சிறிது நேரம் பேச எண்ணுகிறேன்.

மாற்றுக் கட்சித் தலைவர் ஒருவரைப் பற்றிச் செய்தி ஒன்று காதுக்கு எட்டுகிறது. இரவிலே இன்ன வீட்டுக்குப் போனாராம், இன்னாரோடு தொடர்பாம், கண்ணால் கண்டவர் சொன்னாராம். அவ்வளவுதான்! நமது பேச்சாளருக்கு அன்றைக்கே பொங்கல்! வரவு செலவுத் திட்டத்தைப் படிக்க வேண்டாம். வரிச்சுமை எவர் தலையில் விழுகிறது என்று கணக்கிட வேண்டாம். புள்ளிவிவரம் தேடிப் படிப்பகத்துக்குப் போக வேண்டாம். ஒரு வீட்டின் கதவைத் திறந்து காட்டினால் போதும், கூட்டம் கைகொட்டிச் சிரிக்கும்.

இதற்கு நேர்மாறாகப் பேசுவோரும் உண்டு. "அது அவருடைய சொந்த வாழ்வு, நமக்கென்ன?" என்று கூறி, பதவியில் இருப்பவர் செய்யும் அனைத்தின் மீதும் திரை போட்டு மூடுவார்கள். அந்தத் திரைக்குப் பின்னே பதவியைக் காட்டி மிரட்டுதலும் ஒளிந்துகொள்ளும், பொதுப்பணமும் ஒளிந்துகொள்ளும்.

முன்னது அநாகரிகம், பின்னது கோழைத்தனம். இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு எங்கே இருக்கிறது? அதைக் காணத் தவறியதால் ஒரு நாடே விலை கொடுத்த வரலாறு இருக்கிறது. அயர்லாந்தின் வரலாறு அது.

சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னல் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1846இல் பிறந்தவர். தாமே நிலப்பிரபு, ஆயினும் நிலப்பிரபுக்களுக்கு எதிராக உழவர்களைத் திரட்டிய நிலச்சங்கத்தின் தலைவரானார். தாம் புரோட்டஸ்டண்ட், ஆயினும் கத்தோலிக்கப் பெருமக்கள் அவரை முடிசூடா மன்னர் என்று கொண்டாடினர். சிறை சென்றார், மீண்டார். 1885ஆம் ஆண்டுத் தேர்தலில் 86 உறுப்பினர்களோடு பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் நுழைந்தார். அந்த 86 பேரும் எந்தப் பக்கம் சாய்கிறார்களோ அந்தப் பக்கம்தான் ஆட்சி என்னும் நிலையை உண்டாக்கினார். கிளாட்ஸ்டன் போன்ற பேரமைச்சரே அயர்லாந்துக்குத் தன்னாட்சி வழங்கும் மசோதாவைக் கொணர நேர்ந்தது என்றால், அந்த மனிதரின் ஆற்றலை எண்ணிப் பாருங்கள்!

மாற்றார் சும்மா இருந்தனரா? 1887இல் லண்டன் 'டைம்ஸ்' ஏடு, கொலைகாரர்களுக்குப் பரிவு காட்டிப் பார்னல் எழுதியதாக ஒரு கடிதத்தை வெளியிட்டது. கடிதம் போலி! அதைப் புனைந்தவர் பிகட் என்ற பத்திரிகையாளர். விசாரணையில் அவரைச் சில சொற்களை எழுதச் சொன்னார்கள், போலிக் கடிதங்களில் இருந்த அதே எழுத்துப்பிழையோடு எழுதினார், அகப்பட்டுக்கொண்டார். ஓடினார், மாட்ரிட் நகரில் தம்மையே சுட்டுக்கொண்டு மாண்டார். 1889 மார்ச்சில் பார்னல் மக்களவையில் எழுந்தபோது, எதிர்க்கட்சி வரிசையினர் எழுந்து நின்று ஆரவாரித்தனர். பொய்யால் அவரை வீழ்த்த முடியவில்லை.

வீழ்த்தியது ஓர் உண்மை!

கேதரின் என்ற மாதோடு 1880 முதல் பார்னல் வாழ்க்கைத் துணைவரைப்போல வாழ்ந்து வந்தார். அவ்வம்மையார் வேறொருவரின் மனைவி. கணவர் காப்டன் ஓஷே. அவரும் பாராளுமன்ற உறுப்பினர். கணவனும் மனைவியும் நெடுநாளாகப் பிரிந்தே வாழ்ந்தனர். கணவருக்கு விவரம் தெரியாதா? 1881இலேயே பார்னலை இருவர் போருக்கு அறைகூவி அழைத்தவர் அவர்! பிறகு ஏன் வாய் மூடியிருந்தார்? கேதரினுக்குப் பெரியம்மா ஒருவர் இருந்தார், பெருஞ்செல்வர், தொண்ணூறு வயதைக் கடந்தவர். அவர் சொத்து வரும் என்று காத்திருந்தார். 1889இல் அம்மூதாட்டி மறைந்தார். கணவரின் கைக்கு எட்டாத வகையில் சொத்து முழுவதும் கேதரினுக்கே எழுதப்பட்டிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஓஷே மணவிலக்கு வழக்குத் தொடுத்தார். ஒழுக்கத்தின் பெயரால் எழும் எத்தனையோ கூக்குரல்களுக்கு அடியில் உயில் ஒன்று கிடக்கும், தோழர்களே!

1890 நவம்பரில் வழக்கு வந்தது. பார்னல் எதிர்வாதம் செய்யவில்லை. தடுத்தால் மணவிலக்குக் கிடைக்காது. கிடைக்காவிட்டால் கேதரினை மணக்க முடியாது. எனவே ஒரு பக்கத்துச் சாட்சியம் மட்டுமே ஊரெங்கும் பரவியது. கணவர் வந்த வேளையில் நெருப்புக்கால ஏணியைப் பிடித்து இறங்கிப் பார்னல் தப்பினார் என்று ஒரு பணிப்பெண் கூறினார். பாட்டுக்கொட்டகைகளில் அந்த ஏணி நகைச்சுவையானது. உழவர் போராட்டம் மறந்தது, சிறைவாசம் மறந்தது, ஏணி மட்டும் நினைவில் நின்றது.

இங்கிலாந்தின் மதப்பிரசாரகர்கள் கொதித்தெழுந்தனர். பார்னல் தலைவராக நீடித்தால் தமது தலைமையே ஏறக்குறையப் பயனற்றதாகிவிடும் என்று கிளாட்ஸ்டன் கடிதம் எழுதினார். அந்தத் தொடர்பு ஆளும் வட்டாரத்துக்குப் புதுச் செய்தியா? அல்ல. உள்துறை அமைச்சர் ஹார்கோர்ட், 1882இலேயே சக அமைச்சர்களிடம் அதைச் சொல்லியிருந்தார். கேதரின் வழியாகவே அரசுக்கும் பார்னலுக்கும் இடையே செய்திகள் சென்று வந்தன. தூது செல்லும் வரை தூய்மை கெடவில்லை. வழக்குமன்றத்தில் வெளிப்பட்டதும் வானம் இடிந்துவிட்டது! பின்னர் கத்தோலிக்க ஆயர்களும் பார்னலைக் கைவிட்டனர். 1890 டிசம்பரில், பாராளுமன்றக் கட்டடத்தின் 15ஆம் எண் அறையில் ஆறு நாள் வாதாடி, கட்சி இரண்டாகப் பிளந்தது.

இனித்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இருக்கிறது.

பார்னலை நோக்கிப் பொதுமக்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுமே இல்லையா? இருந்தது. அது 1890க்கு உரியதன்று, 1886க்கு உரியது. அவ்வாண்டு பிப்ரவரியில் கால்வே தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. பார்னல் நிறுத்திய வேட்பாளர் யார் தெரியுமா? காப்டன் ஓஷே! கட்சியோடு அமர்வேன், கட்சியோடு வாக்களிப்பேன் என்று ஒவ்வொரு உறுப்பினரும் அளிக்க வேண்டிய உறுதிமொழியைத் தரமுடியாது என்று மறுத்தவர் அவர். கட்சிக்கு உழைத்த தொண்டர்கள் எத்தனையோ பேர் இருக்க, அவருக்கு ஏன் அந்த இடம்? வாயை அடைக்கத் தொகுதியையே கொடுக்கிறார் என்ற பேச்சு அன்றே எழுந்தது. ஜோசப் பிகர், டிம் ஹீலி ஆகிய இருவரும் கால்வேக்குச் சென்று எதிர்த்தனர். தலைவரே நேரில் வந்தார். தமக்கு அடி விழுந்தால் தன்னாட்சிக்கே அடி என்றார். எதிர்ப்பு அடங்கியது. 942க்கு 54 என்ற கணக்கில் ஓஷே வென்றார். நான்கு மாதம் கழித்துத் தன்னாட்சி மசோதா வாக்கெடுப்புக்கு வந்தபோது, அவர் வாக்களிக்காமலே ஒதுங்கிக்கொண்டார். அந்த ஒரு வாக்கால் மசோதா தோற்கவில்லை. 30 வாக்கு வேறுபாட்டில் தோற்றது. ஆனால் கட்சியின் உரிமை, தொகுதி மக்களின் உரிமை, இரண்டும் ஒருவருடைய சொந்தத் தேவைக்கு ஈடாக வைக்கப்பட்டனவா என்ற கேள்வி நின்றுகொண்டுதான் இருந்தது.

பாருங்கள் விந்தையை! தொகுதியைத் தாரை வார்த்தது ஏன் என்று உரத்துக் கேட்கவேண்டிய நாளில் அனைவரும் அடங்கினர். இரண்டு உள்ளங்கள் இணைந்தது ஏன் என்று எவரும் கேட்கத் தேவையில்லாத நாளில் அனைவரும் ஆர்ப்பரித்தனர். கேட்க வேண்டியதைக் கேளாதவர்கள், கேட்கக் கூடாததைக் கேட்டுக் கட்சியைப் பிளந்தனர்.

விளைவு? மூன்று இடைத்தேர்தல்களில் பார்னலின் ஆட்கள் தோற்றனர். 1891 ஜூனில் கேதரினை மணந்தார். அக்டோபரில் 45ஆம் வயதில் மாண்டார். மணமக்களாக வாழ்ந்தது மூன்று திங்களும் சில நாட்களும்! பிளந்த கட்சி 1900இல்தான் ஒன்று சேர்ந்தது. இடையே 1893இல் வந்த தன்னாட்சி மசோதாவைப் பிரபுக்கள் சபை 419க்கு 41 என்று தூக்கியெறிந்தபோது, தட்டிக் கேட்க ஒன்றுபட்ட அயர்லாந்து இல்லை.

கேதரினுக்கோ, தரக்குறைவான பொருள் தொனிக்கும் 'கிட்டி' என்ற பெயரை ஒட்டினர். உற்றார் அழைத்த பெயரன்று அது. பார்னலுக்குப் பிறந்த இரு பெண்மக்களையும் சட்டம் ஓஷேயின் பிள்ளைகளாகவே கருதி அவரது பொறுப்பில் விட்டது. தலைவரின் சிலை டப்ளின் நகரின் நடுவே எழுந்தது. அம்மையார் மீது எறிந்த சேறு காய்ந்தபடியே இருந்தது.

"பழங்கதை" என்பீர்கள். 1963ஆம் ஆண்டுக்கு வாருங்கள். பிரிட்டனின் போர்த்துறை அமைச்சர் ஜான் புரொபியூமோ. 1961இல் கிறிஸ்டின் கீலர் என்ற 19 வயதுப் பெண்ணோடு பழகினார். சோவியத் தூதரகத்தின் கடற்படை அதிகாரி ஒருவரும் அப்பெண்ணை அறிந்தவர் என்பது தெரியவந்தது. 1963 மார்ச் 22 அன்று மக்களவையில் எழுந்து, தவறான உறவு ஏதுமில்லை என்று அமைச்சர் அறிவித்தார். ஜூனில் அது பொய் என்று ஒப்புக்கொண்டு விலகினார்.

விலக வேண்டியவர்தான், ஐயமில்லை. நாட்டின் பாதுகாப்பைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்விக்கு மன்றத்திலே பொய் சொன்ன அமைச்சரை மன்றம் எப்படி நம்பும்? அவ்வளவோடு நின்றிருந்தால் அது நீதி. நின்றதா? டென்னிங் பிரபுவின் அறிக்கை வெளியானபோது நள்ளிரவில் வரிசையில் நின்று வாங்கினார்கள். பாதுகாப்பைப் பற்றிய கவலையாலா? அவரவர் நெஞ்சுக்குத் தெரியும்! இருவரையும் அறிமுகப்படுத்திய மருத்துவர் ஸ்டீபன் வார்டு மீது வழக்கு. தீர்ப்புக்கு முன்பே மாத்திரைகளை விழுங்கினார். மூன்றாம் நாள் இறந்தார். மன்றத்தில் பொய் சொன்ன அமைச்சர் சிறைக்குப் போகவில்லை. வேறொரு வழக்கில் பொய்ச்சாட்சி சொன்ன குற்றத்துக்காகக் கீலருக்கு ஒன்பது மாதச் சிறை! அமைச்சர் கிழக்கு லண்டன் ஏழைகளிடையே பல்லாண்டு தொண்டாற்றி மதிப்பை மீட்டுக்கொண்டார்; 1975இல் அரசின் விருதும் பெற்றார். அது நன்று. ஆனால் 2017இல் மறையும் வரை அந்தப் பெண்ணுக்கு அந்தப் பழைய பெயர்தான்.

அமெரிக்காவில் 1998இல் என்ன கண்டோம்? குடியரசுத் தலைவர் கிளிண்டன். வெள்ளை மாளிகையில் பயிற்சிக்கு வந்த 22 வயதுப் பெண். "இருவர் உடன்பட்டனர், பிறருக்கு என்ன?" என்றனர் ஆதரவாளர். இருபுறமும் ஒரே உயரமா, தோழர்களே? ஒருபுறம் உலகப் பேரரசின் தலைமை. மறுபுறம் ஊதியமில்லாப் பயிற்சியாள். அந்த ஏற்றத்தாழ்வைப் பற்றி ஆதரவாளர் வாய் திறக்கவில்லை. எதிர்ப்பாளரோ அறத்தின் காவலராக வேடம் புனைந்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய கிங்ரிச், அதே காலத்தில் தமக்கும் மணத்துக்குப் புறம்பான தொடர்பு இருந்ததாக 2007இல் ஒப்புக்கொண்டார்! 1999 பிப்ரவரியில் செனட் சபை கிளிண்டனை விடுவித்தது. அந்தப் பெண்ணை நாட்டின் ஏளனம் விடுவிக்கவில்லை.

எனவே இளைஞர்களே, ஒருவரது சொந்த வாழ்வைப் பற்றிய செய்தி உங்கள் கைக்கு வருமானால் மேடையேறு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். பொதுமக்கள் அளித்த பதவியோ பணமோ இதிலே பயன்படுத்தப்பட்டதா? மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் பொய் சொல்லப்பட்டதா? மறுக்க முடியாத நிலையில் இருந்த ஒருவர் மீது அதிகாரம் செலுத்தப்பட்டதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்ற விடையும், அதற்குச் சான்றும் இருக்குமானால் பேசுங்கள்; அஞ்சாது பேசுங்கள்; அவர் நம் கட்சிக்காரராயினும் பேசுங்கள். வன்முறை என்றால் அது சொந்த வாழ்வே அன்று, குற்றம். முறையிடும் பெண்ணின் பக்கம் நிற்பது உங்கள் கடமை.

மூன்றுக்கும் இல்லை என்றால், வாய் மூடுங்கள். கூட்டம் சிரிக்குமே என்ற ஆசை வேண்டாம். சிரித்த கூட்டம் வீடு திரும்பும்போது விலைவாசியைப் பற்றி என்ன கற்றுக்கொண்டு போகும்? பள்ளிக்கூடம் இல்லாத சிற்றூரைப் பற்றி என்ன எண்ணும்? ஓர் ஏணியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு போகும்.

இன்னொன்றும் சொல்வேன். நீங்கள் தலைவர் மீது எறிவதாக நினைக்கும் கல், பெரும்பாலும் மேடையே இல்லாத ஒரு பெண்ணின் மீது போய் விழுகிறது. தலைவர் மறுநாள் கூட்டம் போட்டுப் பதில் சொல்வார். அவள் எங்கே போய்ப் பதில் சொல்வாள்?

கால்வேயில் கேட்கத் துணியுங்கள். பள்ளியறை வாயிலில் நிற்க மறுங்கள். இந்த உறுதியோடு ஊர்தோறும் செல்லுங்கள்.