கடல் கடந்த மாணாக்கரும் காணாமற்போன கடவுச்சீட்டும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணங் கற்பிக்கும் எம்மைக் கடவுச்சீட்டைக் குறித்துப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தபோது யாம் முதலில் நகைத்தோம். பின்னர், நம் குலத்து இளைஞரொருவர்க்கு அமெரிக்காவில் நேர்ந்த இடுக்கணை நினைந்து இசைந்தோம். அவர் பெயரை ஈண்டு உரையாம், அறிந்தோர் அறிவர்.

அவர் நூலகத்தில் பையை மேசைமேல் வைத்து நீர் பருகச் சென்றார். மீண்டு வந்தபோது பை இல்லை. கடவுச்சீட்டு, அதனுள் ஒட்டிய விசா, கல்லூரி வழங்கிய ஐ-20 என்னுந் தாள், சமூகப் பாதுகாப்பு அட்டை யாவும் ஒருங்கே போயின. தந்தையார் சினத்திற்கு அஞ்சிப் பதினொரு நாள் ஒருவர்க்கும் உரையாதிருந்தார். பன்னிரண்டாம் நாள் தந்தையார் நோயுற்று வீழ்ந்தார். உடனே புறப்படுக என்று தம்பி அழைத்தபொழுதுதான் உண்மை வெளிப்பட்டது. அன்றிரவே அத்தம்பி எம் இல்லத்துக் கதவைத் தட்டினார்.

இத்தகைய இழப்பு நேரின், முதற்கண் போலீஸ் நிலையத்தில் முறையிட்டு அம்முறையீட்டின் படியைப் பெறுதல் வேண்டும். அஃதின்றி அடுத்த வாயில் எதுவும் எளிதில் திறவாது. அடுத்துச் செல்லவேண்டிய இடம் கல்லூரியில் அயல்நாட்டு மாணாக்கர்க்கென உள்ள அலுவலகம். ஐ-20 என்னுந் தாள் போயினும், மாணாக்கரைப் பற்றிய குறிப்பு அந்நாட்டரசின் ஸேவிஸ் என்னும் பதிவில் உள்ளது. ஆதலின் அவ்வலுவலர் புதிய தாள் அளிப்பர். ஐ-94 என்னும் வருகைக் குறிப்பு, வான்வழி வந்தோர்க்கு 2013 முதல் மின்பதிவாகவே உள்ளது. தாமே இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். சமூகப் பாதுகாப்பு அட்டைக்கு மாற்று பெறுதற்குக் கட்டணம் இல்லை. எனினும் ஆண்டிற்கு மூன்று, வாழ்நாளிற் பத்து என்னும் வரம்பு உண்டு.

விசா போயிற்றென்றால் மகனை நாட்டினின்று வெளியேற்றிவிடுவர் என்று பெற்றோர் பலர் நடுங்குகின்றனர். அது தவறு. விசா என்பது வாயிற்காப்போனிடம் காட்டும் சீட்டு. உள்ளே தங்குதற்குரிய உரிமை வேறு. ஒழுங்காகப் படித்துவரும் மாணாக்கர் விசாவை இழந்தமையால் மட்டும் தங்கும் உரிமையை இழவார். ஆனால் அம்மாணாக்கர் அந்நாட்டினுள்ளேயே அதற்கு மாற்று பெற இயலாது. வெளிநாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகம் ஒன்றில், சான்றாகச் சென்னையில், மீண்டும் விண்ணப்பித்தல் வேண்டும்.

கடவுச்சீட்டோ நம் நாட்டுத் தூதரகத்தின் வழியே வரவேண்டியது. இழந்த சீட்டாயின் இங்குள்ள அலுவலகத்தில் வினவித் தெளிந்த பின்னரே புதியது கொடுப்பர். அதனாற் காலம் நீளும். இழந்ததாக அறிவித்த பழைய சீட்டு பின்னர்க் கிடைப்பினும் அதனைக் கொண்டு பயணஞ் செய்தல் ஆகாது. இன்னொரு வழியும் உண்டு. அவசரச் சான்றிதழ் பெற்று வரலாம். ஆனால் அது தாயகம் திரும்புதற்கு மட்டுமே உதவும் ஒருவழித் தாள். வந்தவர் மீண்டும் போதற்குப் புதிய கடவுச்சீட்டும் புதிய விசாவும் வேண்டும். வங்கிக் கடனில் படிக்கும் மகன் ஒரு பருவத்தை இழத்தலாகாது என்று தந்தையாரே நோய்ப்படுக்கையினின்று தடுத்துவிட்டார். ஆகவே மகன் புதிய சீட்டிற்காகக் காத்திருந்தார்.

இனி, கூற நாணுவதைக் கூறுகின்றோம். பழைய சீட்டின் படி அவரிடமும் இல்லை, வீட்டிலும் இல்லை. பிற சான்றுகள் கேட்கப்பட்டன. அவர் பெயரில் ஒரு ழகரம் உண்டு. பிறப்புச் சான்றிதழில் அதற்கு 'எல்' என்னும் ஓரெழுத்து. பள்ளிச் சான்றிதழில் 'இஸட்', 'எச்' என ஈரெழுத்து. தமிழின் சிறப்பெழுத்தாயிற்றே என்று பெருமிதத்தோடு அவ்வீரெழுத்தை இட்டவர் யாமே. இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிப்பதற்கு உறுதிப் பத்திரங்கள் எழுதப்பட்டன, நாட்கள் கழிந்தன. தந்தையார் இறந்தார். மூத்த மகன் இருக்க இளையவரே கொள்ளி வைத்தார். பத்தொன்பது நாள் கழித்துப் புதிய சீட்டு வந்தது.

அன்று முதல் எம் மாணாக்கர் பெயரை எழுதுமுன் பிறப்புச் சான்றிதழைக் கேட்கின்றோம். தலைப்பெழுத்தும் அவ்வாறே இடர் விளைப்பது. குடும்பப்பெயர் இன்றி ஒற்றைப் பெயரே கடவுச்சீட்டில் இருப்பின், அமெரிக்க விசாவில் 'எப்.என்.யு.', அதாவது முதற்பெயர் அறியப்படாதது, என்று அச்சிடுவர். பெற்றோர் ஆராய்ந்து இட்ட பெயருக்கு நேரும் கதி இது!

இங்கிலாந்தில் நிலைமை சிறிது வேறு. அங்கே தங்குதற்குரிய அட்டைகள் 2024ஆம் ஆண்டின் இறுதியோடு முடிவுற்றன. உரிமை இப்பொழுது மின்பதிவில் உள்ளது. ஆகலின் கடவுச்சீட்டை இழந்து புதியது பெற்றோர் அதன் எண்ணைத் தம் கணக்கில் மறவாது சேர்த்தல் வேண்டும்.

செல்லும் மக்களின் தாள்கள் அனைத்திற்கும் இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை வீட்டுப் பெட்டியிலும் மற்றொன்றை மின்னஞ்சலிலும் வைத்திடுங்கள். பெயர்களை ஒப்புநோக்க விரும்புவோர்க்காகச் சனிக்கிழமை மாலைதோறும் யாம் சங்கக் கட்டடத்தில் இருப்போம். சென்ற வாரம் மூவர் வந்தனர். அவருள் இருவர் சான்றிதழ்களில் எழுத்து வேறுபட்டிருந்தது. பிறப்புச் சான்றிதழையும் பள்ளிச் சான்றிதழையும் சேர்த்தே கொணர்வீராக.