பிள்ளைகளின் ரோபோவும் ஊராரின் பங்கும்
(வில்லாபுரத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



வட்டார வளர்ச்சி அலுவலர் பேச எழுந்தால் சாலை, குடிநீர், வீட்டு வசதி என்றுதான் தொடங்குவார் என எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று அவற்றை ஒதுக்கி வைத்து, பிள்ளைகள் செய்யும் சிறு வண்டியொன்றைப் பற்றிக் கூற விழைகிறேன். சென்ற ஆண்டு முதல், சனிக்கிழமை மாலைகளில் இவ்வில்லாபுரத்தில் எட்டுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியளித்து வருகிறேன். அவர்களுள் மூவர் பெருங்குடிப் பக்கத்திலிருந்து பேருந்தேறி வருபவர்கள்.

1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்னும் போட்டி இன்று நம் நாட்டிலும் நடைபெறுகிறது. ஆகஸ்டு மாதத்தில் புதிய பருவம் பிறக்கும். புதிய பொருளும் அறிவிக்கப்படும். 2017-ஆம் ஆண்டுப் பருவத்திற்குத் தண்ணீரே பொருள். ஏறத்தாழ எட்டடிக்கு நான்கடி மேசைமீது, பிள்ளைகள் அமைத்த ரோபோ இரண்டரை நிமிடத்திற்குள் இட்ட பணிகளைத் தானே முடித்தல் வேண்டும். தொலைவிலிருந்து இயக்குதல் கூடாது.

சக்கரத்தின் குறுக்களவு 5.6 செ.மீ. எனில், ஒரு சுற்றுக்கு வண்டி 17.6 செ.மீ. நகரும், 88 செ.மீ. செல்ல ஐந்து சுற்று. புத்தகத்தில் கசந்த 22/7 இங்கே இனித்தது. ஆயினும் கணக்குச் சரியாக இருந்தும் எங்கள் வண்டி இலக்கிற்கு முன்பே நின்றுவிடும். இரு வாரம் கட்டளைகளைத் திருத்தித் திருத்திச் சலித்தேன். மகளை அழைத்துச் செல்ல வந்த உழவர் ஒருவர் சற்றே உற்றுப் பார்த்து, "தொளியில் இறங்கிய டிராக்டரின் சக்கரம் சுற்றும், வண்டி நகராது, அது போலல்லவா இருக்கிறது, ஐயா?" என்றார். அதுவேதான்! சக்கரத்தில் தூசி படிந்து வழுக்கியிருக்கிறது. துடைத்தோம், புறப்படும் வேகத்தையும் தணித்தோம். பட்டம் பெற்ற எனக்கு அது தோன்றவில்லை.

என் பிழையொன்றையும் சொல்லிவிடுகிறேன். போட்டிக்கு முந்திய இரவு ரோபோவின் கையை நானே கழற்றி மாற்றியமைத்தேன். மறுநாள் அது மேசையில் சிக்கிக்கொண்டது; விடுவிக்கும் வகை பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. நடுவர் வினவியபோது, அவ்வுழவரின் மகளே, "இதைச் சார் செய்தார்" என்று உண்மையைக் கூறினாள். எனக்கு அப்போது கோபமே வந்தது. வெட்கம் வீடு திரும்பிய பிறகுதான் வந்தது. இப்பருவத்தில் அவர்கள் கேட்டாலன்றி ஒரு திருகையும் தொடுவதில்லை என்றிருக்கிறேன்.

அப்பெண்ணை இவ்வாண்டு அனுப்ப வீட்டார் தயங்குகின்றனர். பத்தாம் வகுப்பு, இருட்டிய பிறகு பேருந்துப் பயணம். அவர்கள் தயக்கத்தைக் குறைகூற மாட்டேன். எனக்கும் மகள் உண்டு. ஆனால் குழுவில் வழுக்கலை முன்னதாகவே கண்டுகொள்பவள் இப்போது அவள்தான்.

அடல் ஆய்வகங்கள் நாடெங்கும் பதினாயிரம் பள்ளிகளுக்குக் கிடைத்துள்ளன. நம் அரசு 2022-இல் வானவில் மன்றத்தைத் தொடங்கி, நடமாடும் அறிவியல் ஆய்வகத்தை அரசுப் பள்ளிகளுக்கே கொண்டுசென்றது. ஆய்வகமே பிள்ளைகளை நாடிச் செல்லும்போது எங்கள் மேசை மட்டும் ஏன் வில்லாபுரத்திலேயே கிடக்க வேண்டும்? 2006 முதல் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் எழுப்பிய நூலகக் கட்டடங்கள் சில ஊர்களில் பூட்டியே கிடப்பதைக் கண்டிருக்கிறேன். உங்கள் ஊரிலும் அப்படி ஓர் அறை இருக்கலாம். மேசையை உள்ளூர்த் தச்சரே செய்துவிடுவார். ஒரு விளக்கும் மின் இணைப்பும் போதும். ரோபோவை நான் கொண்டுவருகிறேன். அவ்வறையின் சாவி யாரிடம் இருக்கிறதென்பதை மட்டும் இன்று சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.